லீவைக் கேளுங்கள், ராஜினாமாவைப் பிறகு யோசிக்கலாம்

தஞ்சை மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 34. மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் ஒரு துணிக்கடையில் 4 வருடம் 3 மாதமாக வேலை பார்க்கிறார். சேலைப் பிரிவில் சேர்ந்தவரை ஒரு வருடமாக ‘சூப்பர்வைசர்’ என்று அழைக்கிறார்கள். சம்பளம் 500 ரூபாய் ஏறி 13,000 ஆனது. வேலை மாறவில்லை, இரவில் பில் கட்டை எண்ணிக் கொடுப்பது மட்டும் கூடியிருக்கிறது. நிரந்தரமாக 8 பேர். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் இன்னும் 4 பேர் சேருவார்கள். பணி ஆணை என்று எதுவும் தரவில்லை. சம்பளம் ரொக்கமாக, பழுப்புக் கவரில் வருகிறது. வாரத்தில் செவ்வாய்க்கிழமை ஓய்வு. தீபாவளிக்கு முன் 5 வாரம் அதுவும் கிடையாது.

லீவு எடுத்தால் நாளுக்கு 500 ரூபாய் வெட்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் 1,000. போன புரட்டாசியில் டைபாய்டு வந்து அரசு மருத்துவமனையில் படுத்த 9 வேலை நாட்களில் ஒன்று ஞாயிறு. ஆக 5,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது அவருடைய அம்மாவுக்குக் கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சை. கூட இருக்க வேறு ஆள் இல்லை. 10 நாள் லீவு கேட்டதற்கு முதலாளி சொன்ன பதில்: “பத்து நாளெல்லாம் முடியாதும்மா. வேணும்னா கணக்க முடிச்சுக்கிட்டுப் போ. பத்துப் பேருக்குக் கீழ உள்ள கடைக்கு லீவுச் சட்டமெல்லாம் வராது.”

வாசகி கேட்பவை இவை. சட்டப்படி 10 நாள் லீவு கிடைக்குமா? கிடைக்காவிட்டால் தனக்கே காய்ச்சல் என்று தெரிந்த டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கிக் கொடுக்கலாமா? வேலையை விட்டுவிட்டால், வருடத்துக்கு 36 நாள் வீதம் 4 வருடத்துக்கு 144 நாள், நாளுக்கு 500 என்று 72,000 ரூபாய் கேட்க முடியுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். கோபத்தில் இந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அதற்கான காரணம் சட்டத்தின் ஒரே ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதற்கு வருவதற்குள் உங்கள் முதலாளி சொன்னதைப் பார்த்துவிடலாம்.

உங்கள் கடைக்குப் பொருந்துவது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதில் விடுப்பைப் பேசும் 25-ஆம் பிரிவு ‘இத்தனை பேர் வேலை பார்த்தால்தான்’ என்று எந்த எண்ணிக்கையையும் வைக்கவில்லை. ஒரே ஒரு ஆளை வைத்து நடக்கும் கடைக்கும் அது பொருந்தும். முதலாளியோடு ஒரே வீட்டில் அவரை நம்பி வாழும் மனைவி, மகன், தம்பி போன்றவர்கள்தான் ஊழியர் கணக்கில் வராதவர்கள். 10 என்ற எண் வேறு இடங்களில் முக்கியம்: ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பணிக்கொடை (கிராஜுட்டி), மகப்பேறு விடுப்பு. அங்கே கேட்டதை எடுத்து வந்து இங்கே ஒட்டியிருக்கிறார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று ஆராய்வதில் உங்களுக்குப் பயன் இல்லை.

‘பணி ஆணை இல்லையே’ என்று தயங்குகிறீர்கள். ஆணை இல்லாதது முதலாளியின் குறை. நீங்கள் அங்கே வேலை பார்த்ததைக் காட்ட முடிந்தால் போதும். ‘நான் சூப்பர்வைசர் ஆச்சே’ என்ற உங்கள் சந்தேகம் அதைவிட நியாயமானது; நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அங்கே பார்ப்பது பட்டத்தை அல்ல, வேலையை. ஆளை வேலைக்கு எடுப்பது, லீவு கொடுப்பது, தண்டிப்பது, கொள்முதலை முடிவு செய்வது இவற்றில் ஒன்றுகூட உங்கள் கையில் இல்லை. சேலையை விரித்துக் காட்டுகிறீர்கள், மடித்து வைக்கிறீர்கள், பில்லை எண்ணுகிறீர்கள். இது நிர்வாகப் பதவி ஆகாது. இதைக் கிளப்பித் தகராறு வந்தால் சட்டம் யாருக்குப் பொருந்தும் என்று முடிவு செய்யும் அதிகாரம் தொழிலாளர் ஆணையருக்கு இருக்கிறது.

மூன்று விடுப்பு, மூன்று குணம்

வருடத்துக்கு 36 நாள் என்ற உங்கள் கூட்டல் சரிதான். ஆனால் மூன்றையும் ஒரே பையில் போட்டுவிட்டீர்கள். கணக்கு தப்பியது அங்கேதான்.

முதலாவது, சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுமுறை. 12 மாதம் தொடர்ந்து வேலை பார்த்து முடித்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் 12 நாள். எடுக்காமல் விட்டால் அடுத்த வருடத்துக்குச் சேரும். ஆனால் 24 நாளுக்கு மேல் சேராது. 4 வருடத்தில் ஒரு நாள்கூட இந்தக் கணக்கில் உங்களுக்குத் தரவில்லை என்றாலும் இன்று கையில் இருப்பது 24 தான், 48 அல்ல.

இரண்டாவது, உடல்நலக் குறைவுக்கோ விபத்துக்கோ 12 நாள். இது சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே உண்டு. உங்களுக்கு வரும் நோய்க்கு மட்டும்தான். அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு இதைக் கேட்க முடியாது.

மூன்றாவது, தற்செயல் விடுப்பு 12 நாள். நியாயமான எந்தக் காரணத்துக்கும் கேட்கலாம். குழந்தைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள், சாவு வீடு எல்லாம் இதற்குள் அடங்கும். இதுவும் முதல் வருடத்திலிருந்தே உண்டு.

பின்னிரண்டும் அந்தந்த வருடத்தோடு போய்விடும். எடுக்காத நாளுக்குக் காசு கிடையாது. ஆகவே 72,000 என்ற தொகையை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த எண்ணோடு தொழிலாளர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால், உங்கள் உண்மையான பாக்கியையும் எதிர்த்தரப்பு அதோடு சேர்த்துக் கேலி செய்துவிடும்.

‘டைபாய்டு சமயத்தில் 9 நாள் வராததால் தொடர் சேவை அறுந்துவிட்டது’ என்று கணக்குப்பிள்ளை சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. நோய், விபத்து, அனுமதி பெற்ற விடுப்பு மூன்றும் சேர்ந்து ஒரு வருடத்தில் 90 நாளைத் தாண்டாதவரை சேவை தொடர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது.

அந்த ஒரு வாக்கியம்

ஆண்டு விடுமுறைக்கு எப்போது காசாகப் பணம் வரும்? சட்டம் இரண்டு சந்தர்ப்பங்களைச் சொல்கிறது. ஒன்று, விடுமுறையைத் தராமலே முதலாளி உங்களை வேலையை விட்டு எடுப்பது. இன்னொன்று, நீங்கள் விடுமுறை கேட்டு, அவர் மறுத்து, அதன்பின் நீங்களாக வேலையை விடுவது. கவனியுங்கள்: கேட்டிருக்க வேண்டும், மறுத்திருக்க வேண்டும், அப்புறம்தான் விட்டிருக்க வேண்டும். கேட்காமலே ராஜினாமா கொடுத்தால் 24 நாளுக்கான 12,000 ரூபாயைக் கேட்க 25-ஆம் பிரிவில் பிடிமானம் இல்லை.

வாயால் கேட்டீர்கள், அவரும் வாயால் மறுத்தார். நாளைக்கு “அப்படி யாரும் எங்கிட்ட லீவே கேக்கலையே” என்பார். பெரும்பாலான விடுப்பு வழக்குகள் தோற்கும் இடம் இதுதான். சட்டம் தெரியாமல் தோற்பவர்களைவிடக் காகிதம் இல்லாமல் தோற்பவர்கள்தான் அதிகம்.

எனவே இன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள். வழவழவென்று வேண்டாம், இவ்வளவு போதும்:

“ஐயா, தங்கள் கடையில் இன்ன தேதியிலிருந்து விற்பனைப் பிரிவில் தொடர்ந்து வேலை செய்து வருகிறேன். என் தாயாருக்கு இன்ன தேதியில் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடக்க உள்ளது. உடனிருந்து கவனிக்க வேறு ஆள் இல்லாததால், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை 10 நாட்கள், என் கணக்கில் சேர்ந்துள்ள சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறையிலிருந்து அனுமதிக்க வேண்டுகிறேன். மருத்துவமனைச் சீட்டின் நகல் இணைத்துள்ளேன்.”

எந்த விடுப்பு என்று பெயர் சொல்லிக் கேட்பது முக்கியம். தற்செயல் விடுப்பிலும் இந்த வருடம் ஒரு நாள்தான் எடுத்திருக்கிறீர்கள், 11 நாள் மீதி இருக்கிறது. ஆனாலும் ஆண்டு விடுமுறையைக் கேளுங்கள் என்கிறேன். மறுத்தால் பணமாக மாறும் தன்மை அதற்கு மட்டும்தான் உண்டு. தற்செயல் விடுப்பு அம்மா வீடு திரும்பிய பிறகு வரும் அவசரங்களுக்குக் கைவசம் இருக்கட்டும். நடுவில் வரும் செவ்வாய்க்கிழமையை 10 நாளில் சேர்த்துக் கழிக்க விடாதீர்கள், அது உங்கள் வார ஓய்வு.

நகலில் கையெழுத்து வாங்கப் பாருங்கள். வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம், தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டதால், கவுன்டரில் பதிவு வசதியும் பட்டுவாடா சான்றும் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். அதே தாளைப் படம் பிடித்து முதலாளியின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்புங்கள். ‘பார்த்தாச்சு’ என்ற நீல டிக் விழுந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலே வராவிட்டாலும், முடியாது என்று வந்தாலும், சொல்லாமல் கொள்ளாமல் போய்விடாதீர்கள். விடுமுறைக்கு உரிமை இருப்பது வேறு, எந்தத் தேதியில் என்பது வேறு. சீசன் நெருக்கடி என்று தேதியைத் தள்ளச் சொல்ல முதலாளிக்கு ஓரளவு இடம் உண்டு. அறுவை சிகிச்சைத் தேதியைத் தள்ள முடியாது என்பதற்குத்தான் மருத்துவமனைச் சீட்டு. அப்படியும் அவர் பிடிவாதம் பிடித்து, நீங்கள் போயே ஆகவேண்டும் என்றால், போகும் முன் இன்னொரு தகவல் அனுப்புங்கள்: இன்ன காரணத்தால் போகிறேன், இன்ன தேதியில் வேலைக்குத் திரும்புவேன் என்று. ‘வேலையைக் கைவிட்டுப் போய்விட்டாள்’ என்ற வாதத்தை அது அடைக்கும். ஆனால் ‘அனுமதி இல்லாமல் போனாள்’ என்ற வாதம் அப்போதும் மிஞ்சும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் அதற்கு முன்பே தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்துவிடுவது நல்லது. அங்கிருந்து போகும் ஒரு தொலைபேசி அழைப்பிலேயே பல லீவுகள் கிடைத்துவிடும்.

காய்ச்சல் சர்டிபிகேட் யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். உங்கள் ஊர் சிறியது. அம்மாவோடு மருத்துவமனை வராந்தாவில் நீங்கள் நிற்பதைக் கடைக்கு வரும் யாராவது பார்ப்பார்கள். பொய்ச் சான்று கொடுத்தது தெரிந்தால் அது ஒழுங்கீனம். இன்று முதலாளியிடம் இல்லாத காரணத்தை நீங்களே அவர் கையில் எடுத்துக் கொடுத்ததாகும்.

கவரில் இருக்கும் பணம்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, “14 மாசமா சம்பளக் கவரைத் தூக்கிப் போடாம வச்சிருக்கேன், அதுல அவரே பேனாவுல எழுதியிருக்கார்” என்பது. ‘லீவு 2 – 1,000, ஞாயிறு 1 – 1,000’ என்று முதலாளி கைப்பட எழுதிய கவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு, அசலை வீட்டில் வைத்திருங்கள். கடைக்குக் கொண்டு போகாதீர்கள்.

டைபாய்டுக்குப் பிடித்த 5,000 முழுவதும் தவறான பிடித்தம். 9 நாள் என்பது 12-க்குள் அடங்குகிறது, மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டும் உங்களிடம் இருக்கிறது. அது போகக் கடைசி ஒரு வருடக் கவர்களில் 11 நாள் வெட்டு இருக்கிறது என்கிறீர்கள், அதில் 4 ஞாயிறு. 7 நாளுக்கு 3,500, ஞாயிறுகளுக்கு 4,000, ஆக 7,500. இந்த 11-ம் தற்செயல் விடுப்பின் 12-க்குள் வந்துவிடுகிறது. இங்கே ஒரு ஓட்டை உண்டு: நீங்கள் முன்கூட்டியோ அன்று காலையிலோ சொன்னீர்களா என்பார்கள். “பாப்பாவுக்குக் காய்ச்சல், இன்னிக்கு வர முடியல முதலாளி” என்று அனுப்பிய குறுஞ்செய்திகள் போனில் இருந்தால் அழிக்காதீர்கள். போனை மாற்றவும் வேண்டாம்.

ஒரு நாள் வராததற்கு இரண்டு நாள் சம்பளத்தை வெட்டுவதற்கு விடுப்பே பாக்கி இல்லாதபோதும் சட்டத்தில் இடமில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வராத நாளுக்கு அந்த நாளின் விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. அதற்கு மேல் பிடிப்பது அபராதம். அபராதத்துக்கு என்னென்ன தவறு என்ற பட்டியல் அரசின் ஒப்புதலோடு முன்பே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 13,000-க்கு 3 சதவீதம் 390 ரூபாய். ஒரே ஞாயிறுக்கு அவர் கூடுதலாக எடுக்கும் 500, மற்ற நிபந்தனைகளைப் பார்க்காமலே வரம்பை மீறுகிறது.

விடுமுறை நாளின் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது? முந்தைய 3 மாதத்தில் உண்மையில் வேலை செய்த நாட்களின் சராசரி தினக் கூலி, ஓவர்டைம் சேர்க்காமல். மாதம் 26 வேலை நாள் என்று கொண்டால் உங்களுக்கு 500. முதலாளியே 500 வீதம் வெட்டி வந்திருப்பதால் இந்த எண்ணில் அவர் தகராறு செய்ய முடியாது.

செவ்வாயும் மே தினமும்

‘வருஷம் 365 நாளும் கடை திறக்கலாம்னு கவர்மென்ட்டே சொல்லிட்டாங்க, அதான் சீசன்ல வார லீவு கெடையாது’ என்பது உங்கள் கடையில் சொல்லப்படும் இன்னொரு கதை. கடை திறந்திருப்பது வேறு, நீங்கள் நின்றிருப்பது வேறு. 2019-ல் வந்து பிறகு நீட்டிக்கப்பட்ட அந்த அரசாணை 10 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் கடைகளுக்கானது. அதிலேயே ஒவ்வொரு ஊழியருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் ஓய்வு கட்டாயம் என்று நிபந்தனை இருக்கிறது. ‘லீவுச் சட்டத்துக்கு நாங்க பத்துப் பேர் இல்ல’ என்பதையும், ‘365 நாள் ஆணை எங்களுக்கு உண்டு’ என்பதையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. வார ஓய்வுக்குச் சம்பளம் பிடிக்கவும் கூடாது.

தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 1958-ஆம் வருடத்துச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், பண்டிகைகளுக்கு ஐந்துமாக வருடத்துக்கு 9 நாள். முன்சொன்ன 36-க்கு மேல் இது. உங்கள் கடை மூடுவது பொங்கலுக்கும் தீபாவளி மறுநாளுக்கும் மட்டும். மே தினத்தன்றும் நீங்கள் கவுன்டரில் நின்றீர்கள் என்றால், அன்றைக்கு இரட்டைச் சம்பளம். அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் விடுமுறை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: காலை 9.30 முதல் இரவு 9 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு என்றால் அது 10½ மணி நேர வேலை. சட்டத்தின் வரம்பு நாளுக்கு 8, வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தே 10-ஐயும் 54-ஐயும் தாண்டக் கூடாது. 8 மணி நேரத்துக்கு 500 என்றால் மணிக்கு 62.50, ஓவர்டைமுக்கு இரட்டிப்பாக 125. 2½ மணி நேரத்துக்கு நாளுக்கு 312.50 ரூபாய். விடுப்புப் பணத்தைவிடப் பெரிய தொகை இங்கேதான் இருக்கிறது. நேரத்தை நிரூபிப்பதுதான் சிரமம். கைநோட்டில் வந்த நேரம், போன நேரம் எழுதத் தொடங்குங்கள். கடையில் விரல்ரேகைக் கருவி இருந்தால் அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

8 பேரா, 12 பேரா?

சீசனுக்கு 4 பேர் சேருவதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண் நின்றது அங்கேதான். பணிக்கொடை விஷயத்தில், கடந்த 12 மாதத்தில் எந்த ஒரு நாளிலாவது 10 பேர் வேலை பார்த்திருந்தாலே அந்தக் கடை சட்டத்துக்குள் வந்துவிடும். தீபாவளிக்கு 12 பேர் நின்றார்கள் என்று காட்ட முடிந்தால் உங்கள் கணக்கே மாறுகிறது. யூனிபார்ம் சேலையோடு கடை வாசலில் எல்லோரும் சேர்ந்து எடுத்த ஆயுதபூஜைப் போட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

பணிக்கொடைக்கு 5 வருடத் தொடர் சேவை வேண்டும். 4 வருடம் முடித்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-ல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. தொகை: 13,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500, அதை 5-ஆல் பெருக்க 37,500 ரூபாய். இன்று விட்டால் இது பூஜ்யம். இன்னும் ஏறக்குறைய ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் வாதாடலாம். ஒன்பது மாதம் இருந்து 5 வருடத்தை முழுதாக முடித்தால் காலக் கணக்கில் வாதத்துக்கே இடமில்லை. உடம்பும் மனசும் தாங்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் தெரியாமல் விட்டுவிடக் கூடாது.

10 பேர் என்றாகிவிட்டால் ஈ.எஸ்.ஐ.யும் வரும். 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு அது கட்டாயம். உங்கள் பங்கு 0.75 சதவீதம், மாதம் 97.50 ரூபாய், அவர் பங்கு 3.25 சதவீதம், 422.50. அது இருந்திருந்தால் உங்களை நம்பி வாழும் அம்மாவின் சிகிச்சையும் அதில் அடங்கியிருக்கும். உங்களுக்கே நோய் வந்தால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீத ஊதியமும் கிடைத்திருக்கும். ஒரே நாட்களுக்கு ஈ.எஸ்.ஐ. உதவித்தொகையையும் கடைச் சட்டத்தின் நோய் விடுப்புச் சம்பளத்தையும் சேர்த்து வாங்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வேலையை விட்டு நிறுத்தினால்

6 மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமலும் நிறுத்தக் கூடாது என்கிறது 41-ஆம் பிரிவு. ஒழுங்கீனம் என்றால் முன்னறிவிப்பு தேவையில்லை, ஆனால் விசாரணை நடத்தி சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நிறுத்திய உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையிட வேண்டும். இந்த 30 நாளை ‘பேசித் தீர்த்துக்கலாம்’ என்று முதலாளி சொல்வதை நம்பிக் கழித்துவிடாதீர்கள்.

நடைமுறையில் யாரும் உத்தரவு எழுதித் தருவதில்லை. “நாளையிலேர்ந்து வராதே” என்பார்கள், அல்லது வாசலில் வாட்ச்மேனை விட்டுத் தடுப்பார்கள். அப்படி நடந்தால் அன்றே, அந்த நேரத்திலேயே, ‘இன்று காலை 9.20-க்கு வேலைக்கு வந்தேன், உள்ளே அனுமதிக்கவில்லை’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மாலைக்குள் அதையே தபாலிலும் அனுப்புங்கள். ‘கணக்கு முடிச்சாச்சு, பாக்கி எதுவும் இல்லை’ என்று அச்சடித்த தாளிலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். பணத்தை வாங்க வேண்டியிருந்தால் கையெழுத்துக்கு மேலே ‘எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று உங்கள் கையால் எழுதுங்கள்.

நீங்களாக விலகுவதென்று முடிவு செய்தால், ஒரு மாதம் முன்னால் எழுதிக் கொடுங்கள். அதற்கு முன்பே மீதமுள்ள ஆண்டு விடுமுறையை, அதாவது அம்மாவுக்காக 10 நாள் எடுத்திருந்தால் மிச்சம் 14 நாளை, தேதி போட்டுக் கேளுங்கள். தந்தால் சம்பளத்தோடு ஓய்வு. மறுத்தால் 7,000 ரூபாய் பாக்கி. விலகிய 2 வேலை நாட்களுக்குள் முழுச் சம்பளக் கணக்கையும் தீர்க்க வேண்டும். சேர்ந்தபோது ‘பிடித்து வைத்த’ 15 நாள் சம்பளமும் அதில் அடக்கம்.

மனு கொடுக்க வேண்டிய இடம் உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். ஊதியப் பாக்கிக்கான கோரிக்கையை 3 வருடத்துக்குள் தொடுக்கலாம், பாக்கியோடு அதைப் போல 10 மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு இடம் உண்டு. ஆனால் 2025 நவம்பருக்கு முந்தைய பிடித்தங்களுக்குப் பழைய ஊதியச் சட்டத்தின் 12 மாதக் கெடுவைக் காட்டி எதிர்வாதம் வரக்கூடும். புரட்டாசிப் பணம் அந்தக் கணக்கில் சிக்காமல் இருக்க, தள்ளிப்போடாமல் இப்போதே கொடுங்கள். வேலையில் இருந்துகொண்டே மனு கொடுக்கலாம். பயமாக இருந்தால் முதலில் லீவு மறுப்பைப் பற்றி மட்டும் கொடுத்துவிட்டு, பணக் கணக்கை அடுத்த மனுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது ஒரு தாளில் நான்கு பத்தி கட்டம் போட்டு எழுதிக்கொண்டு போங்கள்: மாதம், லீவு நாள், பிடித்த தொகை, காரணம். கவர்களின் நகல், டிஸ்சார்ஜ் சீட்டு, தபால் ரசீது, ஸ்கிரீன்ஷாட் பிரதிகள் இரண்டு செட். மனுவுக்கு வரிசை எண்ணும் தேதி முத்திரையும் வாங்காமல் திரும்பாதீர்கள். கடைகளுக்கான குறைந்தபட்ச ஊதியத்தில் பஞ்சப்படி ஏப்ரல் தோறும் மாறும். உங்கள் 13,000 அதற்குக் கீழே போகிறதா என்பதையும் அதே மேஜையில் கேட்டுவிடுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இரண்டுக்கும் முன்னால் அந்த லீவுக் கடிதம் தபாலில் போயிருக்கட்டும்.